இடம் மாறிய முடுக்கி: மீனின் எதிர்ப்பொருள் மரபணுவும் மலைக்குளிரும்

ஏற்காட்டில் ஒண்டிக்கடை ரவுண்டானாவில் இறங்கினால் ஏரிக்குச் சில நிமிட நடைதான். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வருவதற்குள் உயரம் ஏறக்குறைய 1200 மீட்டர் கூடிவிடும். வெப்பம் ஏழெட்டு டிகிரி இறங்கிவிடும். ஏறி வந்த மனிதரின் உடம்பு உள்ளுக்குள் 37 டிகிரியிலேயே நிற்கிறது. மீனுக்கு அந்த வசதி இல்லை. சமவெளிக் குளத்தில் வளர்ந்த சாதாக் கெண்டை ஒன்றை மார்கழியில் மலை ஏரியில் விட்டால், நீரின் வெப்பமே அதன் உடம்பின் வெப்பம். தீனி எடுப்பது குறையும், வளர்ச்சி மந்தமாகும் என்பதெல்லாம் மீன் வளர்ப்போர் அறிந்தது. நோய்க்கிருமி நுழைந்தால் அதை எதிர்க்கும் புரதம் சுரப்பதும் தாமதமாகும், சில வேளை நின்றே போகும் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

அந்தப் புரதம்தான் எதிர்ப்பொருள். மலையிலும் சமவெளியிலும் கெண்டைக்கு அதற்கான மரபணு ஒன்றே. எழுத்து ஒன்றுகூட மாறுவதில்லை. அந்த மரபணு எந்தச் செல்லில், எப்போது, எவ்வளவு படிக்கப்படுகிறது என்பதுதான் மாறுகிறது. மூலக்கூறு உயிரியலில் இதை மரபணு ஒழுங்குமுறை என்கிறோம். மீன்களில் இந்த ஒழுங்குமுறை எப்படி நடக்கிறது என்பதை ஓரளவு தெளிவாக நமக்குச் சொன்னவை அமெரிக்கக் கெளுத்திகள். நம் ரோகுவும் கட்லாவும் விராலும் இன்னும் அந்த அளவுக்குப் பேசவைக்கப்படவில்லை. தடுப்பூசி வேண்டும் என்று நாம் பேசத் தொடங்கிவிட்ட இந்த வேளையில் இந்தக் குறை சிறியதல்ல.

மீனுக்கும் எதிர்ப்பொருள் உண்டா என்று கேட்பவர்கள் படித்தவர்களிலும் இருக்கிறார்கள். தாடையுள்ள முதுகெலும்பிகள் ஏறக்குறைய அனைத்துக்கும், சுறா தொடங்கி, அது உண்டு. எலும்பு மீன்களின் கால்வழியும் நம் கால்வழியும் பிரிந்து நாற்பது கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. அதற்கு முன்பே இந்தப் புரதம் உருவாகிவிட்டது. முக்கியமான வகை இம்யூனோகுளோபுலின்-எம். நம் ரத்தத்தில் அது ஐந்து அலகுகள் சேர்ந்து பத்துக் கைகளோடு இருக்கும். எலும்பு மீன்களில் நான்கு அலகுகள், எட்டுக் கைகள். நமக்கு இதைச் சுரக்கும் பி செல்கள் எலும்பு மஜ்ஜையில் பிறக்கின்றன. மீனின் எலும்பில் அப்படிப்பட்ட மஜ்ஜை கிடையாது. தலைக்குச் சற்றுப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி இருக்கும் தலைச் சிறுநீரகமே அங்கே பி செல்களின் பிறப்பிடம். மீன் வெட்டுபவர் கத்தி நுனியால் சுரண்டி எறிகிற கருஞ்சிவப்புச் சதையின் முன்பகுதி அது. மீன் நோய் எதிர்ப்பியலில் பாதி, அந்தச் சதையிலிருந்து எடுத்த செல்களை வைத்து எழுதப்பட்டதுதான்.

எதிர்ப்பொருள் மரபணுவுக்குப் பெரும்பாலான மரபணுக்களிடம் இல்லாத ஒரு சிக்கல் இருக்கிறது. அது முழுமையாகப் பிறப்பதில்லை. வி, டி, ஜே என்று பெயரிடப்பட்ட துண்டுகளாகக் குரோமோசோமில் பரவிக் கிடக்கிறது. வளரும் பி செல் ஒவ்வொன்றும் இவற்றிலிருந்து ஒவ்வொரு துண்டைத் தேர்ந்து, இடையில் உள்ள டிஎன்ஏவை வெட்டி நீக்கி ஒட்டிக்கொள்கிறது. இப்படிச் செல்லுக்குச் செல் வேறான எதிர்ப்பொருள் கிடைக்கிறது. இந்த வெட்டி ஒட்டலைக் கண்டறிந்ததற்காக சுசுமு டோனெகாவா 1987-இல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் ஒட்டி முடித்தால் மட்டும் போதாது. ஒட்டிய மரபணு படிக்கப்பட வேண்டும். அதுவும் பி செல்லில் மட்டும் படிக்கப்பட வேண்டும். ஈரல் செல்லோ தசைச் செல்லோ இதைப் படிக்கத் தொடங்கினால் வீண்.

படிக்கத் தொடங்கும் இடத்தில் ‘புரமோட்டர்’ என்னும் தொடக்கப் பகுதி இருக்கிறது. எதிர்ப்பொருள் மரபணுவில் அது தனியாக வலுவற்றது. அதற்கு உந்துதல் தருவது சற்றுத் தள்ளி இருக்கும் இன்னொரு டிஎன்ஏ பகுதி. ‘என்ஹான்ஸர்’ என்பார்கள், இங்கே முடுக்கி என்று வைத்துக்கொள்வோம். கிணற்றில் இருக்கும் மோட்டாருக்கு வீட்டுத் திண்ணையில் ஸ்டார்ட்டர் வைத்திருப்பதைப் போல, முடுக்கி மரபணுவுக்கு முன்னாலும் இருக்கலாம், பின்னாலும் இருக்கலாம், நடுவிலும் இருக்கலாம். வைரஸ்களில் இப்படிப்பட்ட பகுதிகள் முன்பே தெரிந்திருந்தன. விலங்குச் செல்லின் சொந்த டிஎன்ஏவில் அப்படி ஒன்று முதன்முதலாகத் தெளிவாகக் கண்டறியப்பட்டது எதிர்ப்பொருள் மரபணுவில்தான். 1983-இல் டோனெகாவா உள்ளிட்ட ஒரு குழுவும் வால்டர் ஷாஃப்னரின் குழுவும் எதிர்ப்பொருளின் பெரிய இழையான கனச் சங்கிலிக்குரிய எலி மரபணுவில் அதைக் காட்டின. ஜே துண்டுகளுக்கும், எதிர்ப்பொருளின் வகையை நிர்ணயிக்கும் நிலைப்பகுதிகளில் எம் வகைக்கானதற்கும் இடையே அது அமர்ந்திருந்தது.

முடுக்கி எங்கே இருக்கிறது என்பது வெறும் முகவரித் தகவல் அல்ல. துண்டுகள் ஒட்டப்படும்போதுதான் தொலைவில் இருந்த வி துண்டு தன் புரமோட்டரோடு முடுக்கியின் எல்லைக்குள் வருகிறது. அப்போதுதான் படிப்பு சூடுபிடிக்கிறது. இடம் தவறினால் என்ன ஆகும் என்பதற்குப் பர்க்கிட் லிம்போமா என்னும் புற்றுநோய் சாட்சி. குரோமோசோம் முறிந்து, செல் பெருக்கத்தைத் தூண்டும் ‘மிக்’ மரபணு எதிர்ப்பொருள் மரபணுவின் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்கிறது. முடுக்கிக்கு ஆள் அடையாளம் தெரியாது. பக்கத்தில் வந்ததை முடுக்கிவிடுகிறது.

எலியில் கண்ட இந்த ஏற்பாடு மீனிலும் இருக்குமா? இந்தக் கேள்விக்கு விடை வந்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. தொழில் எங்கே இருக்கிறதோ அங்கே அறிவியலும் வளர்ந்த கதை அது. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் சேனல் கெளுத்தி வளர்ப்பு பெருந்தொழில். அங்கே ஜாக்சன் நகரின் மருத்துவப் பல்கலைக்கழக மையத்தில் வில்லியம் கிளெம், நார்மன் மில்லர், மெலனி வில்சன் ஆகியோர் கெளுத்தியின் வெள்ளணுக்களைக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்தார்கள். மனிதனின் பி செல்லைக் குடுவையில் நீண்ட காலம் உயிரோடு வைக்க வைரஸின் உதவியோ புற்றுநோயின் உதவியோ தேவை. கெளுத்தியின் செல்கள் அந்தத் தயவு இல்லாமலே பெருகிக்கொண்டே போயின. ஒரே செல்லிலிருந்து பெருக்கிய பி செல் வரிசைகள் கையில் கிடைத்தன. சார்ல்ஸ்டனில் இருந்த கிரிகரி வார், பின்னர் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்துக்குச் சென்ற பிராட் மேகர் ஆகியோர் இவர்களோடு சேர்ந்தார்கள்.

செய்முறை எளிமையானது. எதிர்ப்பொருள் மரபணுவைச் சுற்றியுள்ள டிஎன்ஏவைத் துண்டு துண்டாக எடுத்து, ஒவ்வொன்றையும் எளிதில் அளக்கக்கூடிய ஒரு பாக்டீரிய மரபணுவோடு கட்டி, பி செல்லுக்குள் செலுத்துவது. எந்தத் துண்டு சேர்ந்தபோது அந்தப் பாக்டீரியப் புரதம் பெருகுகிறதோ அதுவே முடுக்கி. எலியில் முடுக்கி இருந்த அதே இடைவெளியைத்தான் முதலில் எவரும் தேடுவார்கள். கெளுத்தியின் வலுவான முடுக்கி அங்கே இல்லை. எம் வகைக்கான நிலைப்பகுதியைத் தாண்டி, அதன் பின்புறத்தில், டி (D) வகைக்கான பகுதிக்கு முன்னால் இருந்தது. 1994-இல் இது வெளியானது. கெளுத்தியின் அந்தத் துண்டை எலியின் பி செல்லில் போட்டாலும் வேலை செய்தது. வேலை பழையது, இருப்பிடமும் அமைப்பும் வேறு. பின்னர் வரிக்குதிரை மீனிலும் இந்த முடுக்கி இதே பின்புறத்தில்தான் இருப்பது தெரிந்தது.

கெளுத்தியின் முடுக்கிக்குள் எட்டெழுத்துத் தொடர் ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது: ஏ-டி-ஜி-சி-ஏ-ஏ-ஏ-டி. சில இடங்களில் அப்படியே, சில இடங்களில் ஓரெழுத்து பிசகி. இதைப் பற்றிக்கொள்ளும் புரதம் ஆக்ட்-2. பி செல்களில் மிகுதியாக இருப்பது. பக்கத்தில் ‘மியூ-ஈ-5’ என்னும் இன்னொரு குறுந்தொடர். அதை ஈ-புரதங்கள் பற்றும். இரண்டு புரதங்களும் தத்தம் இடத்தில் அமர்ந்தால் முடுக்கி உயிர்பெறுகிறது. எலியிலும் மனிதரிலும் இதே புரதக் குடும்பங்கள்தான் இந்த வேலையைச் செய்கின்றன. எலியின் முடுக்கி பலவகைப் புரதங்களுக்கு இடம் தருவது. கெளுத்தியோ பெரும்பாலும் இந்த இரண்டையே நம்பியிருக்கிறது. கெளுத்தியின் ஆக்ட்-2 பிசகிய தொடர் ஒன்றை விரும்பிப் பற்றுகிறது என்பதும் பின்னர் தெரியவந்தது. பரிணாமம் புரதங்களைக் காப்பாற்றி வைத்துக்கொண்டு, அவை அமரும் இருக்கைகளைத் தன் போக்கில் நகர்த்தியிருக்கிறது.

இருக்கை நகர்ந்ததால் ஒரு விளைவு உண்டு. நம் உடம்பில் பி செல் தன் எதிர்ப்பொருளின் வகையை மாற்றிக்கொள்ள முடியும். முதலில் எம் வகை, பிறகு ஜி அல்லது ஏ வகை. இதற்கு அது எம் வகைக்கான டிஎன்ஏ பகுதியையே வெட்டி எறிகிறது. நம் முடுக்கி அந்தப் பகுதிக்கு முன்னால் இருப்பதால் வெட்டுக்குத் தப்பிக்கிறது. கெளுத்தி அதே வெட்டை வெட்டினால், பின்புறத்தில் இருக்கும் முடுக்கியும் சேர்ந்து போய்விடும், மரபணு ஊமையாகிவிடும். எலும்பு மீன்களில் வகை மாற்றம் இல்லை. முடுக்கி பின்னால் இருப்பதால் வகை மாற்றம் வரவில்லையா, வகை மாற்றம் இல்லாததால் முடுக்கி பின்னால் நகர்ந்தும் கேடு விளையவில்லையா என்பது கோழியா முட்டையா வழக்கு. எனக்கு இரண்டாவதே பொருத்தமாகப் படுகிறது. ஏனென்றால் வெட்டும் கத்தி மீனிடம் இருக்கிறது. வகை மாற்றத்துக்கு வேண்டிய ஏ.ஐ.டி. என்னும் நொதியை மீனிலிருந்து எடுத்து எலியின் பி செல்லில் வைத்தால் அங்கே வகை மாற்றம் நடக்கிறது. கத்தி இருந்தும் வெட்டுவதற்கான குறியிடங்கள் மீனின் டிஎன்ஏவில் அமையவில்லை.

வகை மாற்றம் இல்லை என்பதற்காக மீனுக்கு ஒரே வகைதான் என்று எண்ண வேண்டாம். 2005-இல் வரிக்குதிரை மீனிலும் வானவில் ட்ரவுட்டிலும் புதிய வகை ஒன்று கிடைத்தது. ஒரு குழு இஸட் என்றது, மற்றொரு குழு டி (T) என்றது, இரண்டும் ஒன்றே. 2010-இல் ஒரியோல் சன்யரின் குழு, குடல் போன்ற ஈரப் பரப்புகளைக் காப்பதில் இந்த வகைக்கே முதன்மைப் பங்கு என்று ட்ரவுட்டில் காட்டியது. எம் அல்லது டி (T) என்ற முடிவைப் பி செல் பிறக்கும்போதே எடுத்துவிடுகிறது: வி துண்டு எந்தக் கூட்டத்து டி, ஜே துண்டுகளோடு ஒட்டியதோ அதுவே அதன் வகை, பிறகு மாற்றம் இல்லை. வேடிக்கை என்னவென்றால் சேனல் கெளுத்தியில் இந்த வகை காணப்படவில்லை. ஒரே மாதிரி மீனை நம்பி எல்லா மீனுக்கும் விதி எழுதக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. அந்த ட்ரவுட், நீலகிரி அவலாஞ்சியில் 1907 முதல் பொரிப்பகம் அமைத்து வளர்க்கப்படும் அதே மீன்.

இனி நம் பக்கம். புவனேசுவரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தில் ரோகுவின் மூன்று எதிர்ப்பொருள் வகைகளும் அடையாளம் காணப்பட்டு, மீன் பேன் தாக்கும்போது அவற்றின் மரபணுக்கள் எவ்வளவு படிக்கப்படுகின்றன என்பதும் அளக்கப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் இந்தத் துறைக்கு நீண்ட மரபு உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் வி.ஆர். முத்துக்கருப்பன் ஓணானின் நோய் எதிர்ப்பை ஆராய்ந்து ஒரு பள்ளியையே உருவாக்கினார். மதுரை லேடி டோக் கல்லூரியில் தினகரன் மைக்கேல் குழுவினர் துளசி இலைச் சாறு திலேப்பியாவின் எதிர்ப்பொருள் அளவைக் கூட்டுகிறதா என்று சோதித்து 2000-இல் வெளியிட்டார்கள். மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் கல்லூரியில் ஏ.எஸ். சாகுல் ஹமீது குழுவினர் கொடுவா மீனுக்கு டிஎன்ஏ தடுப்பூசி செய்து, கைட்டோசான் நுண்துகளில் பொதிந்து வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். மிதமான பாதுகாப்பு கிடைத்தது. சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் நோடாவைரஸுக்குத் தடுப்பூசி உருவாக்கியிருக்கிறது.

இவை மதிப்புள்ள வேலைகள். ஆயினும் பெரும்பாலானவை எவ்வளவு என்று அளக்கின்றன. எதனால் என்று கேட்பதில்லை. துளசி கொடுத்தால் எதிர்ப்பொருள் கூடுகிறது. சரி, பி செல்கள் பெருகியதால் கூடியதா, ஒவ்வொரு செல்லும் அதிகமாகப் படித்ததால் கூடியதா? பேன் கடித்த தோலில் ஒரு வகை ஏறுகிறது. அந்தச் செல்கள் அங்கேயே முடுக்கப்பட்டனவா, வேறிடத்திலிருந்து வந்து சேர்ந்தனவா? இதற்கு விடை சொல்ல ரோகுவின் பி செல் வரிசை வேண்டும். இந்தியாவில் துடுப்பு, இதயம், மண்ணீரல் என்று பல உறுப்புகளிலிருந்து மீன் செல் வரிசைகள் உருவாக்கப்பட்டுள்ளன. அவை வைரஸை வளர்த்துப் பார்க்க நல்லவை. எதிர்ப்பொருள் மரபணுவின் முடுக்கியைச் சோதிக்க அவை உதவாது. பி செல்லில் மட்டுமே உயிர்பெறும் விசை அது.

மறுபடி குளிருக்கு வருவோம். இஸ்ரேலில் ராமி அவ்தாலியோன் 1969-இல் சாதாக் கெண்டையை வைத்துச் செய்த சோதனை இன்றும் இத்துறையின் அடிக்கல். 25 டிகிரி நீரில் இருந்த கெண்டைக்கு அந்நியப் புரதத்தை ஊசியாகச் செலுத்தினால் எதிர்ப்பொருள் சுரந்தது. 12 டிகிரியில் சுரக்கவில்லை. ஆனால் 25 டிகிரியில் முதல் ஊசி போட்டு, பிறகு 12 டிகிரிக்கு மாற்றி இரண்டாம் ஊசி போட்டபோது சுரந்தது. ஆக, குளிரில் மீனால் எதிர்ப்பொருள் செய்ய முடியாமல் இல்லை. புதிதாகத் தொடங்கத்தான் முடியவில்லை.

எந்த இடத்தில் தடை என்பதை 1984-இல் மில்லரும் கிளெம்மும் கெளுத்திச் செல்களில் கண்டார்கள். அந்நியப் பொருள்களில் இரண்டு தரம். ஒன்று, உதவி டி (T) செல்கள் என்னும் வெள்ளணுக்களின் ஆணை இருந்தால்தான் பி செல் வேலை தொடங்கும். மற்றது, ஆணை இல்லாமலே பி செல்லை நேரடியாகத் தூண்டும். குளிரில் முதல் தரத்துக்கு விடை இல்லை. இரண்டாம் தரத்துக்கு விடை இருந்தது. அதாவது ஆக்ட்-2 தன் இருக்கையில் அமர்கிறது, முடுக்கி முடுக்குகிறது, பி செல் சுரக்கிறது. முடங்கியது அதற்கு மேலே, இன்னும் எந்தக் கிருமியையும் சந்தித்திராத டி செல்லில். செல்லைச் சுற்றியுள்ள சவ்வின் கொழுப்பு குளிரில் இறுகுவதே காரணம் என்று அந்தக் குழு விளக்கியது.

இந்த நுணுக்கம் நமக்கு ஏன்? 1988-இல் வடகிழக்கு மாநிலங்களில் நுழைந்து பிறகு நாடெங்கும் பரவிய தொற்றுப் புண் நோயை எண்ணிப் பாருங்கள். அஃபனோமைசஸ் என்னும் நீர்ப்பூஞ்சை போன்ற உயிரி செய்யும் வேலை அது; விரால்தான் மிக எளிதில் பலியாகும். கனமழைக்குப் பின், நீர் குளிரும் மாதங்களில்தான் அது தலைதூக்கும். தாய்லாந்தில் சுப்ரானி சினாபுத் குழுவினர் விராலுக்கு அந்த உயிரியைச் செலுத்தி 19, 26, 31 டிகிரிகளில் வைத்துப் பார்த்தார்கள். வெப்பமான நீரில் இருந்தவை எதிர்த்து நின்றன. 19 டிகிரியில் எதிர்வினை வலுவற்றிருந்தது. கெண்டைக்குப் 12 டிகிரி என்றால், வெப்பநாட்டு விராலுக்கு 19 டிகிரியே கடுங்குளிர். ஊருக்கு ஊர், மீனுக்கு மீன் எல்லைக் கோடு வேறு.

சால்மன் தடுப்பூசி விற்பவர்கள் பாதுகாப்பு வரும் காலத்தை டிகிரி-நாள் கணக்கில் சொல்வார்கள். நீரின் வெப்பத்தை நாள்களால் பெருக்குவது. 500 டிகிரி-நாள் என்றால் 10 டிகிரி நீரில் 50 நாள், 25 டிகிரியில் 20 நாள். குளிர்நீர் மீனுக்குக் கணக்கு ஓரளவு பொருந்துகிறது. இதே வாய்பாட்டைக் கெண்டைக்குப் போட்டால் 12 டிகிரியில் 42 நாளில் பாதுகாப்பு வந்திருக்க வேண்டும். அவ்தாலியோனின் மீன்களைக் கேட்டால் வேறு சொல்லும். சால்மனுக்கான வாய்பாட்டை அப்படியே இறக்குமதி செய்வதில் பயன் இல்லை.

தமிழ்நாட்டின் மானாவாரி ஏரிகளும் குளங்களும் வடகிழக்குப் பருவமழையில் நிரம்புகின்றன; குஞ்சு விடுவதும் அதையொட்டியே. அடுத்து வருவது மார்கழி, தை. புதிய நீரில் புதிய கிருமிகளை முதன்முதலாகச் சந்திக்கும் நேரமும், புதிதாக எதிர்ப்பைத் தொடங்க முடியாத நேரமும் ஒன்றாகவே வருகின்றன. 1939-இல் இலங்கையிலிருந்து உதகைக்குக் கெண்டை கொண்டுவரப்பட்டது முதல் மலை ஏரிகளுக்குச் சமவெளி மீன்களையும் அயல் மீன்களையும் ஏற்றிக்கொண்டிருக்கிறோம். அங்கே இந்த நெருக்கடி இன்னும் கூடுதல். தடுப்பூசி போடுவதானால், குளத்தில் விட்ட பிறகு போடுவதில் பொருள் குறைவு. சமவெளியின் நாற்றங்கால் குளங்களில், நீர் வெதுவெதுப்பாக இருக்கும் ஆவணி, புரட்டாசியிலேயே முதல் தவணை முடிய வேண்டும். அதே வேளை மிகச் சிறு குஞ்சுக்குப் போட்டால் எதிர்ப்புக்குப் பதில் சகிப்பு உண்டாகலாம் என்பதும் கெண்டையில் கண்டதே. ஆகவே எத்தனை வாரக் குஞ்சு, எத்தனை டிகிரி நீர் என்ற இரண்டு எண்களும் ஒவ்வொரு மீனுக்கும் தனித்தனியே கண்டறியப்பட வேண்டும்.

அந்த எண்களைச் சேகரிப்பது பெருஞ்செலவு பிடிக்கும் வேலை அல்ல. சேலம் மாவட்டத்துக்குள்ளேயே மேட்டூர் அணையின் வெப்பமும் ஏற்காட்டு ஏரியின் குளிரும் இருக்கின்றன. ரோகு, கட்லா, விரால் மூன்றையும் இரு இடத்து வெப்பநிலைகளிலும் வைத்து, தலைச் சிறுநீரகச் செல்களில் எதிர்ப்பொருள் மரபணுவின் படிப்பையும், அதற்கு மேலே உள்ள டி செல்களின் நிலையையும் ஓராண்டு முழுக்க அளக்கலாம். கூடவே ரோகுவின் பி செல் வரிசை ஒன்றை உருவாக்கும் முயற்சியையும் ஏதேனும் ஒரு பல்கலைக்கழகம் கையில் எடுக்க வேண்டும். மீன்வளத் துறையும் நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகமும் அடுத்த தடுப்பூசித் திட்டத்துக்குப் பணம் ஒதுக்குவதற்கு முன் இந்த இரண்டையும் தொடங்க வேண்டும்.